கண்ணால் கண்டும் தோற்ற பந்தயத்திலிருந்து என்ன கற்கலாம்?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: கணிப்புச் சந்தைகளில் தீர்ப்பு தகராறாகிப்போன பந்தயங்களைப் படித்து, ஒழுங்காகச் சிந்திக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? அவரை இதில் இழுத்துவிட்டது ஓர் உடை. உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி 2025 ஜூலைக்கு முன் சூட் அணிவாரா என்று பாலிமார்க்கெட் தளத்தில் ஒரு பந்தயம் ஓடியது. ஜூன் 24 அன்று ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்பு மேலங்கியும் கால்சட்டையுமாக வந்து இறங்கிய படத்தைப் பார்த்ததும், "இது சூட்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து" என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். ஜூலையில் தீர்ப்பு "இல்லை" என்று வந்தது. பணம் எதுவும் கட்டவில்லை, ஆனால் மனம் ஆறவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா, இப்படிச் சிந்திக்க எப்படிப் பழகுவது என்றும் கேட்டிருக்கிறார். கடைசி வரியில், "கண்ணால் கண்டதையே இல்லை என்று சொல்லிவிட முடியுமானால் தர்க்கம் படித்து என்ன பயன்?" என்று கேட்கிறார். தம்பி, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். முப்பத்தோரு ஆண்டுகள் சென்னைத் துறைமுகத்திலும் பிறகு எண்ணூரிலும் சரக்குச் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழை எத்தனை மணிக்கு நின்றது, மூட்டை கிழிந்தது கப்பலிலா கரையிலா, கப்பல் "வந்து சேர்ந்தது" என்று எந்த நிமிடத்திலிருந்து சொல்லலாம் என்று இரு தரப்பும் எதிரெதிராகச் சாதிக்கும்போது, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவதே என் பிழைப்பாக இருந்தது. கணிப்புச் சந்தையில் நான் பணம் போட்டதில்லை. நீங்களும் போட வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்திருக்கிறது. படிப்பதற்குத் தடை இல்லை. அந்தத் தகராறுகள் என் பழைய ஃபைல்களை அப்படியே நினைவூட்டுவதால் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். நான் வக்கீலும் அல்ல, தர்க்கம் கற்பிக்கும் பேராசிரியரும் அல்ல. தகராறுகளைப் பிரித்துப் பார்த்த பழக்கம் ஒன்றுதான் என்னிடம் இருப்பது.

மற்ற வாசகர்களுக்காக, சந்தை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஆம்" என்ற சீட்டு ஒன்றை வாங்கினால், அது நடந்தால் ஒரு டாலர் கிடைக்கும், நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. சீட்டு 60 சென்டுக்கு விற்கிறது என்றால், நடக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாக வைத்துக்கொள்ளலாம். தகராறு வருவது முடிவில். பாலிமார்க்கெட்டில் முடிவு இதுதான் என்று ஒருவர் பிணைத்தொகை கட்டி முன்மொழிவார். குறித்த நேரத்துக்குள் யாராவது அவரும் பிணை கட்டி மறுக்கலாம். மறுப்பு மேலும் வளர்ந்தால், யூமா என்ற டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கு அங்கே கிடையாது. டோக்கனுக்குத்தான் வாக்கு. பெரும்பான்மைக்கு மாறாக வாக்களித்தவர் கையிருப்பில் ஒரு சிறு துளியை இழப்பார். இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தகராறான எந்த முடிவிலும் மூன்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன நடந்தது? கேள்வியில் எழுதியிருக்கும் சொல்லுக்குள் அது வருமா? அதைத் தீர்மானிக்க யாருக்கு அதிகாரம், எதை வைத்து? இவற்றைப் பிரிக்காமல் பேசினால் மணிக்கணக்கில் பேசலாம், ஓர் அடிகூட நகராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 3, 4 தேதிகளில் நம் தெருக்களில் தண்ணீர் நின்றது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புயல் கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திராவின் பாபட்லா அருகே. "மிக்ஜாம் சென்னையைத் தாக்குமா?" என்று யாராவது முன்கூட்டியே பந்தயம் வைத்திருந்தால், வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர் ஆம் என்பார், வானிலை வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர் இல்லை என்பார். இருவருக்கும் நடந்ததில் ஒரு துளிகூடக் கருத்து வேறுபாடு இல்லை. "தாக்கும்" என்ற ஒரு சொல்தான் அவர்களைப் பிரிக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையருகே கரை கடந்தபோது இந்தச் சிக்கல் எழ வழியே இல்லை, இரண்டு பொருளும் ஒன்றாகவே நிறைவேறிவிட்டன. சொல்லின் ஓட்டை எப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஓரமாக விழும் சம்பவம் வந்தால்தான் அது கண்ணில் படும்.

இதை நான் ஓர் இரவில் கற்றேன். தொண்ணூறுகளின் கடைசி, நவம்பர் மாதம், யூரியா ஏற்றி வந்த கப்பல். சரக்கை இறக்கி முடிக்க ஒப்பந்தத்தில் இத்தனை நாள் என்று அவகாசம் இருக்கும், அதற்கு லேடைம் என்று பெயர். தாண்டினால் சரக்குத் தரப்பு கப்பல்காரருக்கு நாள் கணக்கில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். மழை நேரம் அவகாசத்தில் சேராது. ஆக, மழை நீண்டிருந்தால் சரக்குத் தரப்புக்கு லாபம், சீக்கிரம் நின்றிருந்தால் கப்பல்காரருக்கு லாபம். என்னை நியமித்தது சரக்குத் தரப்பு. கப்பலின் பதிவேட்டில் மழை 2.10 முதல் 3.00 வரை. இறக்குகூலி ஒப்பந்தக்காரரின் தாளில் 2.10 முதல் 5.40 வரை. ஒரே மழைக்கு இரண்டு மணி நாற்பது நிமிட வித்தியாசம். நான் முதலில் நம்பியது ஒப்பந்தக்காரரின் தாளை. வரி வரியாக, அழகான கையெழுத்தில், கீழே முத்திரையோடு இருந்தது. என் தரப்புக்கும் அதுதான் சாதகம். இந்த இரண்டாவது காரணம் என் தலைக்குள் வேலை செய்ததை நான் அன்றைக்கு உணரவில்லை.

மறுநாள் காலையில் அதே தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்து இரவுகளின் பதிவுகள், எல்லாம் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில். ஐந்து இரவும் மழை பெய்திருக்கிறது, தாளில் ஓர் ஈரத் தடம் இல்லை. ஒரே உட்காரலில் எழுதியது என்று சந்தேகிக்க இது போதும், ஆனால் எழுதிய நேரம் தப்பு என்று நிரூபிக்கப் போதாது. நினைவிலிருந்து சரியாகவும் எழுதியிருக்கலாம். அப்புறம் மூன்றாவது காகிதம் ஒன்றைத் தேடினேன். லாரிகளை எண்ணும் டாலி குமாஸ்தாவின் சீட்டு. அவருக்கு மழையைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை, எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதே அவர் வேலை. கப்பலின் மூன்றாம் சரக்கறைக்கு எதிரே முதல் லாரி 4.25க்குப் புறப்பட்டதாக எழுதியிருந்தார். யூரியாவை மழையில் இறக்க மாட்டார்கள், ஈரம் பட்டால் கட்டி பிடித்துவிடும். லாரி நிரம்பப் பத்து நிமிடமாவது வேண்டும். ஆகவே 4.15க்குப் பிறகு மழை இல்லை. இது உறுதி. 3.00க்கும் 4.15க்கும் நடுவில் தூறல் இருந்ததா, அல்லது மழை நின்று ஹேட்ச் என்ற சரக்கறை வாயின் மூடியிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்களா என்று மூன்று காகிதங்களில் எதுவும் சொல்லவில்லை. இது சந்தேகம். மழை நின்ற பிறகு மூடியைத் துடைக்கும் நேரம் "மழை நேரம்" ஆகுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி, அதற்கு வானத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, ஒப்பந்த வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். என் அறிக்கையில் மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். என்னை நியமித்தவர்கள் மகிழவில்லை. ஆனால் 4.15 என்ற எண்ணை எதிர்த் தரப்பும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. பேச்சு வார்த்தை மிச்சமிருந்த எழுபத்தைந்து நிமிடத்தோடு நின்றுவிட்டது.

அந்த இரவிலிருந்து எனக்கு நிலைத்த பழக்கங்களில் ஒன்று, தன் நலனுக்கு எதிராக ஒருவர் எழுதியிருப்பதை அதிகம் நம்புவது. இரண்டாவது, சண்டையில் பங்கில்லாதவர் வேறு காரியத்துக்காக எழுதி வைத்த காகிதத்தைத் தேடிப் போவது. கணிப்புச் சந்தைத் தகராறுகளில் எல்லோரும் சத்தமாக வாதிடுவார்கள், அவர்களில் பெரும்பாலோர் சீட்டு வைத்திருப்பவர்கள். ஆம் என்று வாதிடுபவரிடம் ஆம் சீட்டு இருந்தால் அவர் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் அவர் தேடிக் கொண்டுவந்த இருபது செய்தித் தலைப்புகளை, அவர் தேடாமல் விட்டவற்றையும் பார்க்காமல் எடை போடக் கூடாது.

உங்கள் சூட்டுக்கு வருகிறேன். அந்தப் பந்தயத்தின் விதி, மே 22 முதல் ஜூன் 30 வரை ஜெலன்ஸ்கி சூட் அணிந்து படமோ வீடியோவோ எடுக்கப்பட்டால் ஆம் என்றது. நம்பகமான செய்திகளின் ஒருமித்த கருத்தே சான்று என்றது. சூட் என்றால் என்ன என்று விதியில் எங்கும் இல்லை. இருபது கோடி டாலருக்கு மேல் கைமாறிய பந்தயத்தில், முழுக் கேள்வியும் தொங்கிக்கொண்டிருந்த சொல்லுக்கு விளக்கம் இல்லை. படம் உண்மையானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆக முதல் கேள்வியில் நீங்கள் சொன்னது சரி. நீங்கள் தடுக்கியது, முதல் கேள்வியில் கிடைத்த உறுதியை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கடன் கொடுத்ததில். "கண்ணால் கண்டேன்" என்பது உடையைப் பற்றிய சாட்சியம். "ஒருமித்த கருத்து" இருந்ததா என்பதைக் கண்ணால் காண முடியாது, பத்திரிகைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பல ஊடகங்கள் அதைச் சூட் என்றே எழுதின, மற்றவை மேலங்கி என்றோ உடை என்றோ எழுதிவிட்டு நகர்ந்தன. ஆண்கள் உடையைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற ஒருவரே, ஒரு கோணத்தில் அது சூட், இன்னொரு கோணத்தில் இல்லை என்ற பாணியில்தான் கருத்துச் சொன்னார்.

இங்கே நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கும் ஒரு பாகுபாடு மிகவும் உதவும். 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம் ஒரு செய்தியை மூன்று நிலைகளில் வைத்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன. மூன்றாவது நிலை முதல் இரண்டிலும் சேராது. கணிப்புச் சந்தையின் சீட்டில் இரண்டு கட்டங்களே உள்ளன. எனவே "ஒருமித்த கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை" என்று நினைப்பவரும், "அவர் சூட் அணியவே இல்லை" என்று நினைப்பவரும் ஒரே "இல்லை"யில்தான் போய் விழுவார்கள். உங்களை வலிக்க வைத்த அந்த "இல்லை", நீங்கள் கண்டதைப் பொய் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வாக்களித்த ஒவ்வொருவரும் எந்த எண்ணத்தில் வாக்களித்தார் என்பது முடிவிலிருந்து தெரியாது, எனவே எல்லோரும் நேர்மையாக இப்படி நினைத்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லிலிருந்து அதிகம் பிழிந்தெடுக்க முடியாது என்கிறேன்.

மூன்றாவது கேள்வி, யார் எதை வைத்துத் தீர்மானிப்பது என்பது. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2006இல் டிரேட்ஸ்போர்ட்ஸ் என்ற தளத்தில், ஜூலை முடிவதற்குள் வடகொரியா ஏவும் ஏவுகணை அந்நாட்டு வான்பரப்பைத் தாண்டுமா என்று பந்தயம். ஜூலை தொடக்கத்தில் ஏழு ஏவுகணைகள் பறந்தன. நெடுந்தூர ஏவுகணை ஒரு நிமிடத்துக்குள்ளேயே பழுதாகிவிட்டாலும், மற்றவை ஜப்பான் கடலில் விழுந்தன என்று உலகமே எழுதியது. ஆனால் ஒப்பந்தத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று இருந்தது. அந்த வடிவில் உறுதிப்படுத்தல் வரவில்லை என்று சொல்லி, தளம் "இல்லை" என்று தீர்த்தது. ஏவுகணை பறந்ததா என்று பந்தயம் கட்டியதாக நினைத்தவர்கள், உண்மையில் ஒரு துறை ஓர் அறிக்கை விடுமா என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். இதைப் படித்து, "சரி, எழுத்துதான் எப்போதும் ஜெயிக்கும்" என்று விதி செய்துகொள்ளாதீர்கள். 2024 ஜூலை 28 வெனிசுலா அதிபர் தேர்தலில் அந்நாட்டுத் தேர்தல் மன்றம் மதுரோ வென்றதாக அறிவித்தது. எதிர்க்கட்சி எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கைத் தாள்களை வெளியிட்டு, எட்முண்டோ கோன்சாலஸ் பெருவாரியாக வென்றதாகக் காட்டியது. பாலிமார்க்கெட்டின் விதி அதிகாரபூர்வத் தகவலை முதன்மைச் சான்றாகவும், நம்பகமான செய்திகளின் ஒருமித்த கருத்தையும் சான்றாகவும் சொல்லியிருந்தது. அங்கே யூமா வாக்கெடுப்பு கோன்சாலஸ் பக்கம் தீர்த்தது. அதிபர் நாற்காலியில் மதுரோவே தொடர்ந்தார்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் எழுத்து வென்றது, மற்றதில் பொருள் வென்றது. இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லக்கூடிய உறுதி ஒன்றே ஒன்று: சான்று எது என்று விதி சொல்கிறதோ அது கேள்வியின் ஒரு பகுதி, பின்குறிப்பு அல்ல. விதி இரண்டு சான்றுகளைச் சொல்லி, அவை முரண்பட்டால் எது மேல் என்று சொல்லாமல் விட்டால், அந்த இடைவெளியைத் தீர்ப்பவரின் மனச்சாய்வு நிரப்பும். துறைமுகத்திலும் இது உண்டு. நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல் "வந்து சேர்ந்த" கப்பலா என்று பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள். 1973இல் ஜோஹன்னா ஓல்டன்டார்ஃப் வழக்கில் இங்கிலாந்து பிரபுக்கள் சபை, துறைமுக எல்லைக்குள் வழக்கமாகக் காத்திருக்கும் இடத்தில், கூப்பிட்டதும் வரும் நிலையில் இருந்தால் வந்து சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று முடித்தது. அதற்கு முன்பு எழுதிய ஒப்பந்தங்களில் தோற்றவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் அந்தச் சொல்லின் எல்லை அப்படி இருந்தது.

தீர்ப்பவர்களைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. 2025 மார்ச்சில், ஏப்ரலுக்கு முன் டிரம்ப்பின் கனிம ஒப்பந்தத்துக்கு உக்ரைன் சம்மதிக்குமா என்ற சுமார் 70 லட்சம் டாலர் பந்தயம், ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகாமலே "ஆம்" என்று தீர்ந்தது. கையெழுத்தானது ஏப்ரல் 30 அன்றுதான். ஒரே ஆள் பல கணக்குகள் வழியாக வாக்குகளில் கால் பங்கைப் போட்டதாக அப்போது செய்திகள் வந்தன. முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது என்று தளமே ஒப்புக்கொண்டது, ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அது திட்டமிட்ட மோசடியா, அனுபவமுள்ள வாக்காளர்களின் தவறான புரிதலா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. வெளியிலிருந்து நான் முடிவு சொல்ல மாட்டேன். உறுதியானது அமைப்பைப் பற்றியது. டோக்கனுக்கு வாக்கு, சிறுபான்மைக்கு அபராதம் என்று இருந்தால், வாக்களிப்பவர் "எது உண்மை?" என்பதோடு "மற்றவர்கள் எதற்கு வாக்களிப்பார்கள்?" என்றும் யோசிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான நாள்களில் இரண்டுக்கும் ஒரே விடைதான். ஓரத்தில் விழும் நாள்களில் இரண்டும் பிரிந்துவிடும்.

இப்போது உங்கள் தொண்ணூற்றைந்தைப் பிரித்துக் காட்டுகிறேன், காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் உண்மையானது, உடை அதுதான் என்பதற்கு 0.99. நம்பகமான செய்திகள் அதைச் சூட் என்று ஒருமித்துச் சொன்னதாகக் கொள்ளலாம் என்பதற்குத் தாராளமாக 0.7. அப்படிக் கொள்ளத்தக்கதாக இருந்தால் வாக்காளர்களும் அப்படியே தீர்ப்பார்கள் என்பதற்கு 0.85. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 0.59. செய்திகள் ஒருமிக்காவிட்டாலும் வாக்காளர்கள் ஆம் என்று சொல்லிவிடும் சிறு வாய்ப்பையும் கூட்டினால் 0.63 வரும். இந்த 0.7, 0.85 என் மதிப்பீடு மட்டுமே, நீங்கள் வேறு எண் போடலாம். ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும், மூன்றும் ஒன்றுக்கு மிக அருகில் இருந்தாலன்றி தொண்ணூற்றைந்து வராது. 1950இல் வானிலையாளர் கிளென் பிரையர் தந்த அளவுகோலில் போட்டுப் பாருங்கள்: சொன்ன எண்ணுக்கும் விளைவுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கம் உங்கள் பிழை. விளைவு "இல்லை" என்பதால் 0.95க்குப் பிழை 0.90, 0.63க்குப் பிழை 0.40. "ஆம்" என்று வந்திருந்தால் 0.95க்குப் பிழை ஏறக்குறைய பூஜ்யம், 0.63க்கு 0.14. அதாவது அன்றைக்கு நீங்கள் ஜெயித்திருக்கவும் கூடும், அப்போதும் உங்கள் கணக்கில் இதே ஓட்டை இருந்திருக்கும், நீங்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். தோற்றதால் உங்கள் தர்க்கம் தவறென்று ஆகாது, ஜெயித்தவரின் தர்க்கம் சரியென்றும் ஆகாது. "இல்லை" சீட்டு வைத்திருந்தவர்களில் சிலர், கால்சட்டைக்குக் கீழே இருந்த காலணியைக் காட்டி வாதிட்டார்கள். அந்தக் காரணத்தை நான் இன்றும் பலவீனமானதாகவே நினைக்கிறேன்.

எப்படிப் பழகுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். தீர்ந்துபோன ஒரு தகராறை எடுத்து, முடிவைப் பார்க்காமல், கேள்வியையும் விதியையும் மட்டும் ஒரு பக்கத்தில் கையால் எழுதுங்கள். கையால் எழுதினால்தான் "அல்லது", "உட்பட", "மட்டும்" போன்ற சொற்கள் உறைக்கும். டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போய்க் காணாமல் போன டைட்டன் நீர்மூழ்கியைப் பற்றிய பந்தயம் தொடக்கத்துக்கு நல்லது. 2023 ஜூன் 23க்குள் அது கண்டுபிடிக்கப்படுமா என்பது கேள்வி. விதியில், சிதறிய துண்டுகள் மட்டும் கிடைத்து, பயணிகள் இருந்த அறை கிடைக்காவிட்டால் போதாது என்று இருந்தது. ஜூன் 22 அன்று கடலடியில் சிதைவுகளும், அவற்றில் அழுத்த அறையின் இரு முனை மூடிகளும் கிடைத்ததாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவித்தது. அறையே நொறுங்கிப்போன பிறகு அதன் முனை மூடிகள் "அறை" ஆகுமா? ஆம் என்பதற்கு உங்களால் முடிந்த மிக வலுவான வாதத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இல்லை என்பதற்கு அதே உழைப்போடு எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை எழுதும்போது கை தளர்ந்தால், அங்கே உங்கள் சாய்வு இருக்கிறது. பிறகு ஓர் எண்ணை எழுதி, எந்தச் செய்தி வந்தால் அந்த எண்ணை மாற்றுவீர்கள் என்றும் எழுதிவிட்டு, அப்புறம் முடிவைப் பாருங்கள். டைட்டனில் அது "ஆம்".

வாரம் ஒரு கேள்வியை நீங்களே எழுதுவது இன்னும் நல்ல பயிற்சி. ராயபுரத்தில் என் வீட்டு மாடியில் ஞாயிறு மாலை நாலைந்து பிள்ளைகளோடு இதைச் செய்கிறோம். "நாளை சென்னையில் மழை பெய்யுமா?" என்று ஒரு பெண் எழுதினாள். பத்து நிமிடத்தில் மற்ற பிள்ளைகள் அதைக் கிழித்துப்போட்டார்கள். நாளை என்றால் நள்ளிரவிலிருந்தா, வானிலைத் துறை கணக்கிடும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையா? சென்னை என்றால் நுங்கம்பாக்கமா, மீனம்பாக்கமா, மழை அடிக்கடி வேறாக இருக்கும் எண்ணூரா? நாலு தூறல் மழையா, அல்லது மழைநாள் என்று துறை ஏற்கும் 2.5 மில்லிமீட்டரா? அந்தப் பெண் திருத்தி எழுதிய கேள்வி ஐந்து வரி நீண்டது. அடுத்த நாள் காலை அதற்கு விடை சொல்ல யாருக்கும் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தகராறுகளை மட்டுமே படித்தால் உலகில் எல்லாமே சொற்சண்டைதான் என்ற நினைப்பு வந்துவிடும். பெரும்பாலான பந்தயங்கள் சத்தமில்லாமல் தீர்ந்துபோகின்றன, அவை நம் காதுக்கு வருவதில்லை. நான் பார்த்த கப்பல்களிலும் அப்படித்தான், பெரும்பாலான மழைக்கு இரு தரப்பும் ஒரே நேரத்தைத்தான் எழுதியிருந்தார்கள். ஆகவே மூன்றாகப் பிரிக்கும் பழக்கத்தைத் தெளிவான விஷயத்திலும் போய் மாட்டி, வெளிச்சத்தில் புகை போடாதீர்கள். இன்னொன்று, இருபது முப்பது கேள்விகளில் உங்கள் பிழையின் சராசரி குறைந்தால் நீங்கள் நன்றாகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த அளவில் அதிர்ஷ்டமும் இதே போலக் காட்டும். நோட்டில் எழுதிய காரணங்களைத் திரும்பப் படித்துப் பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன்.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி: அந்தத் தீர்ப்பு சரியா? என்னிடம் வாக்கு இருந்திருந்தால் "ஆம்" என்றே போட்டிருப்பேன். விதி தையற்காரரின் இலக்கணத்தைக் கேட்கவில்லை, செய்திகள் என்ன சொல்லின என்று கேட்டது, சூட் என்று எழுதிய நம்பகமான ஊடகங்கள் கணிசம். இதில் எனக்குப் பத்துக்கு ஆறு உறுதி. அந்த நாள்களின் செய்திகளை யாராவது விருப்பு வெறுப்பின்றி எண்ணி, பாதிக்கும் மேற்பட்டவை அந்தச் சொல்லைத் தவிர்த்தன என்று காட்டினால் மாற்றிக்கொள்வேன். ஆகஸ்ட் 18 அன்று வெள்ளை மாளிகைக்கு அவர் கறுப்பு உடையில் வந்தபோது, பிப்ரவரியில் ஏன் சூட் அணியவில்லை என்று கேட்ட அதே நிருபர் சூட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியதை நீங்கள் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். அதை நான் சேர்க்க மாட்டேன். விதி ஜூன் 30 வரைதான் கேட்டது.